டியூவும் 'டியூ டு'வும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு. அது 'டியூ'. வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மகளிர் குழுவில் தவணை கட்டியாக வேண்டும். புதன்கிழமை இரவே அம்மா, பூக் கட்டிச் சேர்த்த காசை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தரையில் கொட்டி எண்ணத் தொடங்குவார். "நாளைக்கு டியூ இருக்கு, யாரும் கைய நீட்டாதீங்க" என்பார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைக்கும் என் பாட்டிகூட அந்தச் சொல்லைச் சுத்தமாக உச்சரிப்பார். 'தவணை' என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் யாருக்கும் சட்டென்று புரியாது.

இப்படிப்பட்ட வீட்டிலிருந்து பள்ளிக்குப் போனவன், ஆறாம் வகுப்பில் ஒரு நாள் கரும்பலகையில் 'டியூ டு ரெயின்' என்ற தொடரைக் கண்டான். ஆசிரியை எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். பொருள் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்: "மழைக்கு டியூ கட்டணும், டீச்சர்."

வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியையும் சிரித்துவிட்டு, "டியூ டு என்றால் 'காரணமாக'. மழை காரணமாக. அவ்வளவுதான், உட்கார்" என்றார். உட்கார்ந்தேன். நான் சொன்னது முழுப் பிழையன்று என்று தெரிய எனக்கு இன்னும் எட்டு ஆண்டுகள் ஆயின. அந்தக் கதையைத்தான் மாணவ நண்பர்களாகிய உங்களிடமும், பெருமதிப்பிற்குரிய பேராசிரியர்களிடமும் சொல்ல வந்தேன். இலக்கணக் கட்டுரை என்று நினைத்துப் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நடுவில் கொஞ்சம் இலக்கணம் வரும், பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக்கரைப் பக்கம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் கிடக்கும் தீவு எங்கள் ஊர். நகரத்துப் பள்ளிக்குப் போக வேண்டுமானால் ஒன்றாம் எண் பேருந்தில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். 1976ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்தப் பாலம், நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தபோது பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டது. 2022ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் மூடி, 2023 மார்ச்சில் திறந்தார்கள். வெயிலில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம்விட்டுப் பாலத்தின் பகுதிகளுக்கு நடுவே வைத்திருக்கும் இணைப்புகள் தேய்ந்து போய்விட்டன என்றும், அவற்றை மாற்றுகிறார்கள் என்றும் சொன்னார்கள். இயற்பியல் மாணவன் என்ற முறையில் இதை இப்போது விளக்குகிறேனே தவிர, அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் பேருந்துகள் ஊரைச் சுற்றிக்கொண்டு போயின என்பதும், நான் தினமும் தாமதமாகப் போனேன் என்பதும்தான்.

தாமதமாக வந்தவன் ஆங்கிலத்தில் கடிதம் எழுதித் தர வேண்டும் என்பது எங்கள் வகுப்பாசிரியரின் கட்டளை. ஸ்ரீரங்கத்திலிருந்தும் திருவானைக்கோவிலிலிருந்தும் வந்த நாங்கள் அனைவரும் ஒரே கடிதத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினோம். அதன் முதல் வரி, 'டியூ டு காவேரி பிரிட்ஜ்' என்று தொடங்கும். நான்காம் நாள் ஆசிரியர் அந்தக் கடிதங்களை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டார்: "ஏம்ப்பா, பாலம் உங்கள என்ன செஞ்சுது? அது பாட்டுக்கு நிக்குது. பாலத்த மூடினதுதானே காரணம்? காரணம்னு ஒரு பொருளை எழுதாதீங்க. நடந்தது எதுவோ அதை எழுதுங்க."

நாங்கள் தலையாட்டினோம். மறுநாள் மீண்டும் 'டியூ டு காவேரி பிரிட்ஜ்' என்றே எழுதினோம். நல்ல ஆசிரியர்கள் சொல்வது அந்தந்த நாளில் காதில் ஏறுவதில்லை.

பிளஸ் டூ தேர்வில் நல்ல மதிப்பெண் வந்தது. எங்கள் உறவில் கல்லூரிப் படி ஏறியவர் ஒருவரும் இல்லை. 'முதல் தலைமுறைப் பட்டதாரி' என்று விண்ணப்பத்தில் ஓர் இடம் இருக்கிறதே, அந்த இடத்துக்கு உரியவன் நான். ஆனால் 2023 ஜூன் மாதத்தில், கல்லூரியில் சேரவேண்டிய சமயத்தில், அப்பா விழுந்துவிட்டார்.

அப்பா காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர். இரவில் லாரிகள் வந்து நிற்கும். பொழுது விடிவதற்குள் சரக்கு இறங்கியாக வேண்டும். லாரியிலிருந்து தரைக்குச் சாய்த்துப் போட்டிருந்த பலகையில், தோளில் வெங்காய மூட்டையுடன் இறங்கியபோது கால் வழுக்கிவிட்டது. மூட்டை அவர்மேல் விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சையெல்லாம் முடிந்து அவர் கம்பு ஊன்றி எழுந்து நிற்க ஏழு மாதங்கள் ஆயின.

அந்த ஆண்டு நான் கல்லூரியில் சேரவில்லை. மார்க்கெட்டில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கு எழுதப் போனேன். மூட்டை தூக்குபவன் மகன் பேனா பிடிக்கிறான் என்று அங்கே எனக்கு மரியாதைகூட இருந்தது. வியாழக்கிழமை டியூ தவறவில்லை. அப்போது மண்டிப் பேரேட்டில் நான் நாளொன்றுக்கு நூறு முறையாவது எழுதிய சொல் 'கணக்கில்' என்பது. 'இன்னார் கணக்கில் பத்து மூட்டை', 'இன்னார் கணக்கில் வண்டிக்கூலி'. டீ வாங்கினால்கூட, "யாரு கணக்குல எழுத?" என்று பையன் கேட்பான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

2024ஆம் ஆண்டு இந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. சேர்க்கைக்கு அப்பாவும் வந்தார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கவில்லை. வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி, பேருந்தில் நின்றுகொண்டே வந்தார். சான்றிதழ்களைப் பார்த்தவர்கள், "ஒரு வருஷம் இடைவெளி இருக்கே, என்ன காரணம்னு ஒரு லெட்டர் எழுதிக் கொடுத்துடு" என்றார்கள். தாழ்வாரத்தில் ஜன்னல் கட்டையில் தாளை வைத்து எழுதினேன். தமிழில் எழுதியிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. கல்லூரிக்கு வந்தாயிற்று, ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று எனக்கு ஒரு வீறாப்பு. எனக்குத் தெரிந்த காரணச் சொல் ஒன்றுதான். 'டியூ டு மை ஃபாதர்' என்று தொடங்கி, 2023இல் கல்லூரியில் சேர இயலவில்லை என்று முடித்தேன்.

அப்பா பக்கத்தில் நின்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி எழுதுன?"

"ஒரு வருஷம் ஏன் சேரலன்னு காரணம் கேட்டாங்கப்பா."

"அதான், என்ன காரணம்னு எழுதுன? படி."

ஆங்கிலத்தைப் படித்து என்ன பயன்? தமிழில் சொன்னேன். நான் எழுதியதற்கு நேர்ப் பொருள் எதுவோ அதையே சொன்னேன்: "அப்பாவால கல்லூரியில சேர முடியல."

அவர் ஒன்றும் பேசவில்லை. கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். பிறகு, "என்னாலதான். சரிதான்" என்றார்.

"அப்படி இல்லப்பா, வேற மாதிரி எழுதிடறேன்..."

"எழுதுனத எழுதுனபடி குடு. மணியாச்சு. சன்னல மூடிடப் போறாங்க."

கொடுத்துவிட்டேன். வரும்போது பேருந்தில் இடம் கிடைத்தது. அவர் உட்கார்ந்தார். காவிரியைக் கடக்கும்போது வழக்கமாக எந்தப் பக்கம் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று சொல்லிக்கொண்டே வருவார். அன்று அதுவும் சொல்லவில்லை.

முதற்பருவத்தில் எங்கள் ஆங்கிலப் பேராசிரியர் வழக்கமாக நேரும் பிழைகளைப் பற்றி வகுப்பெடுத்தார். சொல்லிவைத்தாற்போல் அன்று அவர் எடுத்துக்கொண்டது 'டியூ டு'. அவர் சொன்னதை எனக்கு விளங்கியவரையில் சொல்கிறேன். 'டியூ' என்பது அடிப்படையில் ஒரு பெயரடை. ஆகவே அதற்கு முன்னால் ஒரு பெயர்ச்சொல் நிற்க வேண்டும். அந்தப் பெயரைப் பற்றித்தான் அது பேசும். 'வெள்ளம் மழையினால் ஏற்பட்டது' என்று சொல்லும் இடத்தில் 'டியூ டு' சரி. வெள்ளம் என்ற பெயர் இருக்கிறது. 'மழை காரணமாகப் பள்ளி மூடப்பட்டது' என்னும்போது காரணம் சேர்வது பள்ளியோடு அன்று, மூடப்பட்டது என்ற வினையோடு. அங்கே 'பிகாஸ் ஆஃப்' அல்லது 'ஓயிங் டு' போட வேண்டும். சந்தேகம் வந்தால் 'காஸ்டு பை' என்று மாற்றிப் போட்டுப் பார். பொருந்தினால் 'டியூ டு'வை விட்டுவை, பொருந்தாவிட்டால் அடித்துவிடு.

எனக்கு உடனே தமிழில் இது எளிதாகப் பட்டது. 'மழையினால் ஏற்பட்ட' என்று பெயரெச்சமாக வந்து வெள்ளத்தோடு ஒட்டிக்கொண்டால் 'டியூ டு'. 'மழை காரணமாக' என்று வினையைத் தேடிப் போனால் 'பிகாஸ் ஆஃப்'. பிளஸ் டூ வரையில் தமிழ் வழியில் படித்தவர்கள் இதைப் பயன்படுத்திப் பாருங்கள். எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. நம் இயற்பியல் நூல்கள் இந்த விதியைத் தவறுவதே இல்லை. பள்ளியில் 'புள்ளி மின்துகளினால் ஏற்படும் மின்புலம்' என்று படித்தோமே, அதுவே இங்கே 'எலெக்ட்ரிக் ஃபீல்ட் டியூ டு எ பாயின்ட் சார்ஜ்'. நேரான கடத்தியினால் ஏற்படும் காந்தப்புலம், இருமுனையினால் ஏற்படும் மின்னழுத்தம் எல்லாமே இப்படித்தான். புலம் என்ற பெயர் முன்னால், 'டியூ டு' பின்னால். ஆங்கில நூலைப் பார்த்து அஞ்சிக்கொண்டிருந்த முதல் மாதத்தில், பக்கத்துக்குப் பத்து முறை வந்த இந்த ஒரு தொடர்தான் எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

இந்த விதியை அழுத்தமாகச் சொன்னவர் ஃபவுலர் என்ற ஆங்கில அறிஞர். 1926இல் வந்த அவருடைய வழக்கு அகராதி உலகப் புகழ் பெற்றது. 'டியூ டு'வை இடம் மாற்றிப் போடுவது படிப்பறிவில்லாதவர் வழக்கு என்று அதில் அவர் குறித்திருக்கிறாராம். பேராசிரியர் இதைச் சொன்னபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1957ஆம் ஆண்டு அக்டோபரில் எலிசபெத் அரசியார் கனடா நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்து ஆற்றிய உரையில், விவசாயிகள் தானியத்தை விற்க இயலாமற்போனதைப் பற்றிய வாக்கியம் 'டியூ டு' என்றே தொடங்கியது. ஃபவுலர் நூலின் மறுபதிப்பில் இதையும் எடுத்துக்காட்டி, இனி இதை அரசியாரின் ஆங்கிலம் என்றே சொல்லலாம் என்று எழுதிவிட்டார்கள். இன்றைய அகராதிகள் இரண்டு வழக்கையும் ஏற்கின்றன. படிப்பறிவில்லாதவர் வழக்கு அரசியார் வழக்காவதற்கு முப்பத்தோராண்டு போதுமானதாக இருந்திருக்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதைக் கேட்டுச் சற்று நிமிர்ந்து உட்காரலாம் என்பது என் சொந்தக் கருத்து.

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய், "ஐயா, 'டியூ டு மை ஃபாதர்' என்று எழுதினால் பிழையா?" என்று கேட்டேன். எங்கே எழுதினாய் என்றார். சொன்னேன். அவர் சிறிது நேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இலக்கணப் பிழையை மன்னித்துவிடலாம். அதைவிடப் பெரிய பிழை ஒன்று இருக்கிறது. அப்பாவா காரணம்? அவர் விழுந்ததுதானே காரணம்? 'ஓயிங் டு ஆன் இஞ்சுரி டு மை ஃபாதர்' என்று எழுதியிருக்க வேண்டும்" என்றார். பாலம் என்ன செய்தது என்று கேட்ட பள்ளி ஆசிரியர் நினைவுக்கு வந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் அவர் சொன்னது அப்போதுதான் காதில் ஏறியது.

பிறகு அவர் நூலகத்துக்கு அழைத்துப் போய் ஒரு பெரிய அகராதியைத் திறந்து காட்டினார். 'டியூ' என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக இலத்தீனிலிருந்து வந்தது. அதன் வேர்ப்பொருள் 'கடன்பட்டிருத்தல்'. எங்கள் வீட்டு வியாழக்கிழமை டியூவும் பாடநூலின் 'டியூ டு'வும் ஒரே சொல்தான்! 'ஓயிங் டு' என்பதிலும் 'ஓ' என்ற கடன் இருக்கிறது. 'ஆன் அக்கவுன்ட் ஆஃப்' என்பது? நேராக மண்டிப் பேரேடு. 'இன்னார் கணக்கில்' என்று நான் நூறு முறை எழுதினேனே, அதேதான். மழை கணக்கில் விடுமுறை, பாலம் கணக்கில் தாமதம். காரணம் சொல்வதற்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் தொடர்களில் மூன்று, வட்டிக்கடைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவை. ஒரு செயல் நடந்தால், அது யாருக்கோ எதற்கோ கடன்பட்டிருக்கிறது என்று அவர்கள் எண்ணியிருக்கிறார்கள் போலும். 'பிகாஸ் ஆஃப்' மட்டும் கடனில் சேராதது. அது காரணம் என்னும் சொல்லிலிருந்தே வந்தது.

கடன் என்ற பொருளும் இன்னும் செத்துப் போய்விடவில்லை. நம் கல்லூரி விழா அறிக்கையில், 'அவர் தேங்க்ஸ் ஆர் டியூ டு தி பிரின்சிபல்' என்று ஆண்டுதோறும் வருகிறது. நன்றி முதல்வர் காரணமாக ஏற்பட்டது என்று அதற்குப் பொருளன்று. நாம் முதல்வருக்குச் செலுத்த வேண்டிய நன்றி என்று பொருள். 'டியூட்டி' என்ற சொல்லும் 'டியூ'விலிருந்து பிறந்ததே. தமிழிலும் கடன் என்றால் வாங்கிய பணமும் உண்டு, ஆற்ற வேண்டிய கடமையும் உண்டு. இரண்டு மொழிக்காரரும் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே முடிச்சைப் போட்டிருக்கிறார்கள்.

தமிழில் காரணம் சொல்ல எத்தனை வழிகள் இருக்கின்றன என்று அதன் பிறகு எண்ணத் தொடங்கினேன். மார்கழியில் எங்கள் ஊரில் சொர்க்கவாசல் திறக்கும் நாளன்று மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவார்கள். ஆங்கிலத்தில் 'ஆன் அக்கவுன்ட் ஆஃப்' என்று அச்சிடும் அதே அறிவிப்பில் தமிழில் 'வைகுண்ட ஏகாதசியை முன்னிட்டு' என்றிருக்கும். முன்னிட்டு என்றால் முன்னால் வைத்து. விழாவை முன்னால் வைத்து நாம் பின்னால் நடக்கிறோம். இதில் கடனும் இல்லை, கணக்கும் இல்லை. (ஈடுசெய்ய ஒரு சனிக்கிழமை வேலைநாள் என்று கடைசி வரியில் கணக்கு வந்துவிடும், அது வேறு.) மழையை 'முன்னிட்டு' என்று யாரும் சொல்லார், மழைக்குக் 'காரணமாக'. இறந்தவருக்கு 'மறைவையொட்டி'. கோயிலில் குழல்விளக்கின் ஒளியை மறைத்துக்கொண்டு 'உபயம்' என்று எழுதியிருக்குமே, அதுவும் ஒருவகைக் காரணச் சொல்தான். 'உன் புண்ணியத்துல' என்பது இன்னும் நுட்பமானது. "உங்க புண்ணியத்துல புள்ள படிக்குது" என்றால் நன்றி. "உன் புண்ணியத்துல பஸ்ஸு போச்சு" என்றால் வசவு. ஆங்கிலத்தில் 'தேங்க்ஸ் டு'வும் இதே இரட்டை வேடம் போடுகிறது.

ஆனால் என்னை உறங்கவிடாதது 'ஆல்' என்னும் உருபுதான். தமிழ்ப் பேராசிரியரிடம் கேட்டேன். நன்னூலில் 'ஆல்' மூன்றாம் வேற்றுமை உருபு. கருவிக்கும் வரும், கருத்தாவுக்கும் வரும். ஏது, அதாவது காரணம், ஐந்தாம் வேற்றுமையில் சொல்லப்படும். 'கல்வியில் பெரியர் கம்பர்' என்பது பள்ளியில் நாம் படித்த எடுத்துக்காட்டு. கம்பர் பெரியவர் ஆனதற்கு ஏது கல்வி. (அந்தக் கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியதாகச் சொல்லப்படும் மண்டபம் எங்கள் ஸ்ரீரங்கம் கோயிலில் தாயார் சன்னிதிக்கு எதிரில் இருக்கிறது. அந்த வழியாகப் பலமுறை பூக்கூடையோடு போயிருக்கிறேன். ஐந்தாம் வேற்றுமை நினைவுக்கு வந்ததில்லை.) இன்றைய பேச்சுத் தமிழில் கருவி, கருத்தா, காரணம் ஆகிய எல்லாச் சுமையையும் 'ஆல்' ஒன்றே தூக்குகிறது.

நான் அப்பாவிடம் தமிழில் சொன்ன வாக்கியத்தைப் பேராசிரியரிடம் அப்படியே சொன்னேன். "அப்பாவால் கல்லூரியில் சேர முடியவில்லை." அவர் முதலில் சிரித்துவிட்டார். "தம்பி, நீ சொல்வதில் உன்னையே காணோமே! 'முடியவில்லை' என்பதற்கு முன்னால் 'ஆல்' வந்தால் முடியாதவர் அவர்தானே? 'என்னால் நடக்க முடியவில்லை' என்றால் நடக்காதவன் நான்தானே? உன் வாக்கியத்தைப் புதிதாகக் கேட்பவன், உன் அப்பாதான் கல்லூரியில் சேர விரும்பி முடியாமல் போனார் என்றல்லவா புரிந்துகொள்வான்" என்றார்.

அது இலக்கணத்துக்காகச் சொன்னது. ஆனால் அந்தப் பொருளும் பொய்யன்று. அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய ஆண்டில் தாத்தா அவரை மார்க்கெட்டுக்கு அழைத்துப் போனார். அவர் காலத்தில் காரணம் கேட்டு ஒருவரும் கடிதம் எழுதச் சொல்லவில்லை.

காரணம் என்று ஒன்றைச் சொல்வது எளிது. 2018 ஆகஸ்டு 22ஆம் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடம் அணையின் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான், 2016இல் புதுப்பாலம் வந்ததும் ஓய்வுபெற்றிருந்த பழைய கொள்ளிட இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி வெள்ளத்தில் சரிந்தது. எட்டாம் வகுப்பில் இருந்தேன். ஊரே கரையில் நின்று வேடிக்கை பார்த்தது. வெள்ளத்தினால் என்றார்கள் சிலர். மதகுகளின் வயதினால் என்றார்கள் சிலர். மணல் அள்ளியதனால் என்றார்கள் வேறு சிலர். "தண்ணியாலன்னா, தண்ணி இன்னிக்கா வருது? காட்டன் துரை கட்டுன நாள்லேருந்து வருது" என்றார் அப்பா. ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டியது 1836இல். நூற்று எண்பத்திரண்டு ஆண்டு வந்த தண்ணீர்தான் அன்றைக்கும் வந்தது என்பது அவர் வாதம்.

இயற்பியலில் இந்தச் சிக்கல் இல்லை. ஓரிடத்தில் பல மின்துகள்கள் இருந்தால் ஒவ்வொன்றினாலும் ஏற்படும் புலத்தைத் தனித்தனியே கணக்கிட்டு, திசையோடு கூட்டிவிடலாம். வீட்டில் அப்படி முடிவதில்லை. நான் ஒரு வருடம் படிக்காதது வழுக்கிய பலகையினாலா, மூட்டையின் எடையினாலா, வியாழக்கிழமை டியூவினாலா, வீட்டில் நான் மூத்தவன் என்பதனாலா? அத்தனையையும் இரண்டு சொல்லில் அடக்கி, அந்தச் சுமையையும் அப்பாவின் தோளிலேயே ஏற்றிவிட்டேன்.

இரண்டாம் பருவத்தில் ஒரு நாள் அலுவலகத்துக்குப் போய், சேர்க்கையின்போது தந்த கடிதத்தில் ஒரு பிழை இருக்கிறது, மாற்றித் தரலாமா என்று கேட்டேன். அங்கிருந்தவர் என்ன பிழை என்றார். 'டியூ டு' என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அதையெல்லாம் யாரும் படிக்கப் போறதில்ல தம்பி. போய்ப் படிப்பப் பாரு" என்றார், அன்பாகத்தான். கோப்பில் அது அப்படியே இருக்கிறது.

படிக்க வேண்டியவர் ஒருவர் படித்துவிட்டாரே என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருந்த இரவில் அம்மா பூக் கட்டிக்கொண்டிருந்தார். அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. மார்க்கெட்டில் ஒரு கடையில் இரவுக் காவல். கிளம்புவதற்கு முன் கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பரீட்சைக்கா?"

"இல்லப்பா. காலேஜ் மலருக்கு."

"நான் வர்றேனா அதுல?"

"வர்றீங்க."

"படி."

இம்முறை தமிழில்தான் எழுதியிருந்தேன். ஆகவே எழுதியதை எழுதியபடியே படித்தேன். ஜன்னல் கட்டையில் கடிதம் எழுதிய இடம் வந்தபோது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. அம்மாவின் கை நாரோடு நின்றது. அப்பா கடைசிவரை கேட்டார். டியூ என்றால் கடன் என்று அகராதி சொன்ன இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப அன்னிக்கு நீ எழுதுனது, அப்பாவுக்குக் கடன்பட்டிருக்கேன்னு இருந்திச்சா?"

"அப்படியும் படிக்கலாம்ப்பா. ஆனா நான் அப்படி நெனச்சு எழுதல."

"ம்" என்றார். பிறகு எழுந்து கம்பை எடுத்துக்கொண்டார். "முதப் பக்கத்துல ஒரு தப்பு இருக்கு. வெள்ளிக்கெழமன்னு படிச்சியே. டியூ வெள்ளிக்கெழம இல்ல, வியாழக்கெழம. அத மாத்திடு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

மாற்றிவிட்டேன்.